வீடூர் அணை நிறைந்தால் ஆற்று மீன் பெருகுமா?

"காய்ந்த ஏரி மண்ணில் மீன் முட்டை கிடக்கும், மழை பெய்ததும் பொரியும்."

செஞ்சிப் பக்கம் கிராமங்களில் இதை மறுத்துப் பேசினால் சிரிப்பார்கள். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஏரியில், ஐப்பசி மழை பெய்த நாலாம் நாள் மீன் துள்ளினால் வேறென்ன நினைப்பது? ஆனால் நம் கெண்டை வகைகளின் முட்டை காய்ந்தால் செத்துப்போகும். தண்ணீரில் இருந்தால் ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிடும். மாதக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும் வித்தை ஆப்பிரிக்காவின் சில பொடிமீன்களுக்கு உண்டு, நம்மூர் மீனுக்கு இல்லை.

அப்படியென்றால் மீன் எங்கிருந்து வந்தது? விராலும் குறவையும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, காற்றை நேரடியாகச் சுவாசித்துக்கொண்டு கோடையைத் தள்ளும். மற்றவை நீந்தி வந்தவை. மேல் ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீரோடு கீழ் ஏரிக்கு இறங்கும். ஆற்றிலிருந்து கால்வாய் பிடித்து எதிர்நீச்சலில் ஏறும். கலங்கலில் பறி வைத்து ஏறுமீன் பிடித்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட சங்கதி. மழை மட்டும் போதாது, வழியும் திறந்திருக்க வேண்டும். மீதிக் கதை இந்த வழியையும் தண்ணீரின் சூட்டையும் பற்றியதுதான்.

"அணை நிறைந்தால் மீன் பெருகும்."

பக்கமலைக் குன்றுகளில் பிறந்து செஞ்சி வழியே இறங்கும் சங்கராபரணியோடு தொண்டியாறு சேருமிடத்தில் 1959-ல் வீடூர் அணை கட்டப்பட்டது. உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. தமிழ்நாட்டில் 2,200 ஏக்கர், புதுவையில் 1,000 ஏக்கர் இதை நம்பிப் பயிர் செய்கின்றன. அணை நிறைந்தால் மீன் குத்தகைக்காரருக்கு நல்ல காலம்தான். அது ஆற்று மீனுக்கும் நல்ல காலம் என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

தமிழ்நாட்டு அணைகளில் பெரும்பாலும் வலையில் விழும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். தேங்கிய தண்ணீரில் இவை தாமாக முட்டையிடுவதில்லை. ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியால் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். பண்ணையில் பொரித்த குஞ்சை அணையில் விட்டு வளர்த்துப் பிடிக்கிறோம். அது நெல் விதைத்து அறுப்பதைப் போன்ற விவசாயம். அதை வைத்து ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆற்று மீனுக்குத் தேவை புதுவெள்ளம். நீர்மட்டம் ஏறுவது, கலங்கிய நீர் வருவது, வெப்பம் சட்டென்று இறங்குவது, கரையோரப் புல் மூழ்குவது எல்லாம் சேர்ந்துதான் முட்டையிடும் நேரம் வந்துவிட்டது என்று அதற்குச் சொல்கின்றன. அணையோ முதல் வெள்ளத்தைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. நிறைந்த பிறகுதான் கீழே விடும். அப்போதும் மதகு திறந்த வேகத்தில் ஒரேயடியாக. 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு பெருவெள்ளம் முட்டையையும் குஞ்சையும் அடித்துக்கொண்டு போகும். வளர்ப்பு மீனையும் ஜிலேபிக் கெண்டையையும் ஆறு முழுக்கப் பரப்பும்.

"இத்தனூண்டு தடுப்பணை மீனை என்ன செய்துவிடும்?"

நிறையச் செய்யும். விலாங்கு கடலில் பிறந்து, நூல் கனத்தில் ஆற்றுக்குள் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் மேட்டு நீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். குஞ்சு விலாங்கு ஈரமான சொரசொரப்புச் சுவரில் ஊர்ந்துகூட ஏறிவிடும். சிமெண்ட் பூசிய காய்ந்த சுவரில் அதன் பாச்சா பலிக்காது.

காவிரியில் இதற்குப் பெரிய சாட்சி உண்டு. உல்லம், அதாவது வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா, ஒரு காலத்தில் கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக ஏறியது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய கீழணை உயரம் குறைந்ததுதான். இருந்தும் ஏற முடியாமல் அணையடியில் திரண்ட மீனை வாரிக்கொண்டு போனார்கள். மதராஸ் ராஜதானியின் மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1870-களிலேயே ஆற்றுத் தடுப்புகள் மீனை அழிப்பதைப் பற்றி எழுதினார். பெருவெள்ளம் அணைக்கு மேலே புரளும்போது கொஞ்சம் மீனாவது தப்பி ஏறிக்கொண்டிருந்தது. 1934-ல் மேட்டூர் அணை வந்தது, வெள்ளம் அடங்கியது, உல்லமும் நின்றுபோனது. மீன் ஏணி வைத்தால் போதுமே என்பார்கள். கீழணையில் வைத்தும் பார்த்தார்கள். உல்லம் அதைச் சட்டை செய்யவில்லை. தாண்டிக் குதிக்கும் சால்மனுக்காக யோசித்த படிக்கட்டு அது.

"வெயில் ஊர் மீனுக்குச் சூடு பழக்கம்."

விராலைப் பார்த்து வந்த எண்ணம் இது. விரால், தேளி, பனையேறி மூன்றும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். கெண்டைக்கு அந்த வசதி இல்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5, 35 டிகிரியில் 7-க்கும் கீழே. சூடு ஏற ஏற மீனின் தேவை கூடுகிறது, தண்ணீரின் இருப்பு குறைகிறது. இரவில் பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் விடியலுக்குச் சற்று முன்பு நிலைமை மிக மோசம். காலையில் ஏரியில் மீன் செத்து மிதந்தால் "யாரோ மருந்து கலந்துட்டான்" என்று பஞ்சாயத்து கூடுகிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் புழுக்கமான இரவு, வற்றிய ஏரி, பச்சைப் பாசி மூன்றும் சேர்ந்திருந்தால் எதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சூட்டுக்கு மீன் ஒதுங்கும் இடம் மடு. ஆழத்தாலும் ஊற்று நீராலும் அது குளிர்ந்திருக்கும். மணலை அள்ளி, ஆழ்துளைக் கிணறுகளால் ஊற்றையும் இறக்கிவிட்டால் கோடை மீனுக்குப் புகலிடம் கிடையாது. சங்கராபரணி போல மழைக்கு ஓடி வெயிலுக்குக் காயும் ஆறுகளில், அணையை விட இதையே நான் முதல் குற்றவாளி என்பேன்.

"அணைத் தண்ணீர் குளிர்ந்துதான் இருக்கும்."

ஆழத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1963-ல் நீர் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணை, அடியாழத்துக் குளிர்நீரைக் கொலராடோ ஆற்றில் விட்டது. முட்டையிட ஏறக்குறைய 16 டிகிரி வேண்டிய கூன்முதுகு மீன்கள் அந்தக் குளிரில் நொடித்தன. பிற்பாடு வறட்சியில் நீர்மட்டம் இறங்கியதும் மேல்மட்டத்து வெதுநீர் மதகுக்கு வந்தது. 2022-ல் அதோடு சேர்ந்து வேட்டை மீன்களும் கீழே இறங்கிப் பெருகின. வீடூர் போன்ற ஆழமில்லாத, பரந்த நீர்த்தேக்கத்தில் நடப்பது வேறு: வெயில் முழுவதையும் வாங்கித் தண்ணீர் சூடாகிறது.

ஆறுகள் பொதுவாகவே சூடேறி வருகின்றன. ஹரித்துவார்ப் பகுதியில் கங்கை நீரின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பம் 1970-களிலிருந்து சில பத்தாண்டுகளில் 1.5 டிகிரி உயர்ந்ததாக மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் பதிவு செய்தார்கள். அதற்குமுன் அங்கே காணாத உழுவையும் கொக்கு மீனும் மேலே ஏறிவந்தன. கங்கை மீனுக்கு ஏற இடமிருந்தது. செஞ்சியில் மீனுக்கு மேலே இருப்பது பக்கமலை. கோடையில் அங்கே தண்ணீர் ஏது?

"அணை கட்டியாச்சு, இனி என்ன செய்ய?"

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்த 2024-லேயே, சில வாரங்களில், சால்மன் மேலே ஏறிவந்தது. அதைக் காட்டி வீடூரை இடிக்கச் சொன்னால் 3,200 ஏக்கர்காரர்கள் விட மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். முதல் வெள்ளத்தில் ஒரு பங்கை நிறையும்வரை காத்திராமல் கீழே விடலாம். தடுப்பணையின் ஓரத்தில் கல் பதித்த சொரசொரப்பான சரிவு வைக்கலாம். மடு உள்ள இடங்களில் மணலைத் தொடாமல் இருக்கலாம்.