குதிரை வந்தது, சமையல்?

கேள்வி: ஊர்காவற்றுறைக்குப் பாரசீகச் சமையல் எப்போதாவது கப்பலேறி வந்ததா? (வாசகி, வேலணை)

பதில்: குதிரை வந்தது. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்து நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவருக்கு என்கிறது. அக்காலக் குதிரைகளில் பல பாரசீக வளைகுடாப் பக்கத்தவை.

சமையல் சுற்றுவழியில் வந்தது. புரியாணியும் பலூடாவும் முகலாயர் கைபட்டு, மசாலாவும் பாலும் ஏறி நம்மிடம் சேர்ந்தவை. ஷிராஸ் நகரத்துப் பலூடாவில் பாலே கிடையாது: உறையவைத்த மெல்லிய மாவிழை, சீனிப்பாகு, பன்னீர், தேசிக்காய்ப்புளி. யாழ்ப்பாணத்துக் கிரீம் ஹவுஸ்காரர் கண்டால் சண்டைக்கு வருவார்!

ஈரானியக் குழம்புக்குப் புளிப்பு, காயவைத்த தேசிக்காயிலோ மாதுளையிலோ வரும். உறைப்பு மிகக் குறைவு. பழப்புளியும் செத்தல் மிளகாயும் கரைத்த ஒடியல் கூழில் வளர்ந்த நாக்கு, முதல் வாயிலேயே தூள் போத்தலைத் தேடும்.