வெள்ளைச் சட்டைக்கு எது நல்லது?

யூனிபார்ம் சட்டையில் கறை பட்டால் வீட்டில் என்னங்க போடுவீங்க?

1. பிளீச்சிங் பவுடர்: இதிலுள்ள குளோரின் கறையை வேகமாக வெளுக்கும். வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டுமே சரி. அளவு மிஞ்சினால் நூல் இத்துப்போகும். பட்டு, கம்பளிக்கு ஆகவே ஆகாது.

2. ஆக்சிஜன் வகைப் பவுடர்: தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு தரும். மெதுவாகத்தான் வெளுக்கும், வெந்நீரில் வேகம் கூடும். துணிக்குக் கெடுதல் குறைவு. பெராக்சைடு கடைசியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும்.

3. சொட்டு நீலம்: இது வெளுப்பதே இல்லை! மஞ்சளை மறைத்து வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான்.

வெளுத்த தண்ணீர் எங்கே போகுதுன்னும் யோசிக்கணும். சாய, சலவைப் பட்டறைக் கழிவால் நம்ம நொய்யல் கெட்டது. 2011-ல் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே, கறை பட்ட அன்னைக்கே சோப்புப் போட்டுத் துவைச்சு வெயிலில் காயப்போடுங்க. போகலைன்னா ஆக்சிஜன் பவுடர். பிளீச்சிங் பவுடர் கடைசி வழி.

எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் விஷவாயு கிளம்பும். அம்மாவிடமும் சொல்லுங்க!