புதுச்சேரிக் கம்பெனியும் கைபேசிச் சூதாட்டமும்



திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக் கம்பெனியின் பங்குகள், 300 ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் எத்தனையோ குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தின. அதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

1664-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி கடனில் மூழ்கிக் கிடந்தது. 1719-இல் ஜான் லா என்பவர், அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியில் வணிக உரிமை பெற்றிருந்த தன் கம்பெனியோடு அதை இணைத்தார். அங்கே செல்வம் குவிந்து கிடப்பதாகப் பேச்சு பரவியது. 500 லீவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) முகமதிப்புள்ள பங்கு, அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 10,000 லீவரைத் தொட்டது. அதை வாங்க, அவர் நடத்திய வங்கியே நோட்டு அச்சடித்துக் கடன் கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். புதுச்சேரியில் ஏற்றிய துணி இருபது மடங்கானதா? கப்பல்கள் இருபது மடங்கானதா? இல்லை. அடுத்தவன் இன்னும் அதிக விலை கொடுப்பான் என்ற ஆசைதான் ஏறியது. 1720-இல் எல்லாம் சரிந்தது. டிசம்பரில் லா நாட்டை விட்டே வெளியேறினார்.

கூட்டாகத் தொழில் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை எடுத்துச் சென்று வணிகம் செய்தார்கள். அங்கே சரக்கு இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால், முடிவு தெரியாத வியாபாரத்தைத் தடுத்தார்கள் (முஸ்லிம்). தன்னிடம் இல்லாததை விற்கக் கூடாது என்றும் சொன்னார்கள் (திர்மிதீ). சூதாட்டத்தை ஷைத்தானின் செயல் என்கிறது குர்ஆன் (5:90).

இன்று அந்த பாரிஸ் தெரு நம் கைபேசிக்குள் வந்துவிட்டது. பெயர்தான் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ். இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்ததாக 2024-இல் செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

ஆகவே, உங்கள் பிள்ளை அந்த ஆப்பைத் திறந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நீ வாங்குவது எந்தத் தொழிலை? லாபம் எதிலிருந்து வருகிறது, வியாபாரத்திலிருந்தா, இன்னொருவனின் நஷ்டத்திலிருந்தா? போட்ட பணம் உன்னுடையதா, அடகு வைத்த நகையா? பதில் இல்லையென்றால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பொருளை எப்படிச் சம்பாதித்தாய் என்ற கேள்வி மறுமையில் காத்திருக்கிறது.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.