பதினெட்டு வயதானவனுக்குத் துணை யார்?



பிள்ளையைப் பெற்று, ஞானஸ்நானம் கொடுத்து, புதுநன்மை வாங்கச் செய்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால் வளர்ப்பு முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. முடியவில்லை. தன் சோற்றைத் தானே பொங்கவும், தன் சம்பளத்தைத் தானே எண்ணிச் செலவிடவும், காய்ச்சல் வந்தால் எங்கே போவதென்று அறியவும், கெட்ட சிநேகிதன் அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்லவும் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் வரையில் அது முடியாது. இவ்வாரம் நாம் படிக்க வேண்டிய பாடம் இதுவே. நம் சொந்தப் பிள்ளைகளுக்கு இது வேண்டும். தாய் தகப்பன் இல்லாமல் இல்லங்களில் வளர்ந்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாய் வேண்டும்.

1. வேதாகமம் காட்டும் வழி

தொபியாஸ் ஆகமத்தைத் திறந்து பாருங்கள். முதிய தொபியாஸ் கண் தெரியாதவர், ஏழை. மேதியா நாட்டு இராகேஸ் பட்டணத்தில் ஒருவனிடம் கொடுத்துவைத்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவர மகனை அனுப்புகிறார். மகனோ அந்த ஊருக்கு வழி அறியான். அந்த மனிதனையும் அறியான். தகப்பனார் என்ன செய்தார்? முதலில் உட்காரவைத்துப் புத்தி சொன்னார்: தாயைக் கனம்பண்ணு, தர்மம் செய், கூலிக்காரனின் கூலியை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே, விவேகியிடம் ஆலோசனை கேள் என்றார். அடுத்து, பணத்துக்குரிய கைச்சீட்டை அவன் கையில் கொடுத்தார். கடைசியாக, வழி தெரிந்த நம்பிக்கையான ஒரு துணையைக் கூலி பேசித் தேடிக்கொள்ளச் சொன்னார். அந்தத் துணையாய் வந்தவர் அர்ச். இரபாயேல் சம்மனசானவர்.

புத்திமதி, பத்திரம், துணை: இம்மூன்றையும் கவனியுங்கள். புத்திமதி மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி வேலை. சம்மனசானவரும் தொபியாசுக்குப் பதிலாய் எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. பெரிய மீன் பாய்ந்தபோது, அதைப் பிடித்துக் கரைக்கு இழு என்று சொன்னாரேயன்றித் தாமே பிடித்துக் கொடுக்கவில்லை. வாலிபன்தான் பிடித்தான்; பயம் தெளிந்தான். நல்ல துணை பக்கத்தில் நிற்கும். பிள்ளையின் கையை முடமாக்காது.

2. பதினெட்டு வயது நிறைந்த நாள்

நம் வீட்டுப் பையன் வேலைக்காகத் திருப்பூருக்கோ ஓசூருக்கோ சென்னைக்கோ போகிறான். முதல் மாதச் சம்பளம் வரத் தாமதமானால் அப்பா பணம் அனுப்புகிறார். குழம்பு வைக்கத் தெரியாவிட்டால் தொலைபேசியில் அம்மா சொல்லித் தருகிறாள். வேலை போனால் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். திரும்பி வர ஒரு வாசற்படி இருக்கிறது.

இல்லத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அங்கே மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படிப்பு. அரிசி என்ன விலை என்று அவனுக்குத் தெரிய அவசியமே வந்ததில்லை. பதினெட்டு வயது நிறைந்ததும் ஒரு பெட்டியோடு வெளியே வருகிறான். அறைக்கு முன்பணம் கேட்கிறார்கள். யார் பிள்ளை, எந்த ஊர் என்று கேட்கிறார்கள். ஜாமீன் சொல்ல ஆள் இல்லை. பெண்பிள்ளையின் நிலைமையோ இன்னும் ஆபத்தானது. இவ்வேளையில் அன்பாய்ப் பேசி முதலில் வந்து கைபிடிக்கிறவன் நல்லவனா, கந்துவட்டிக்காரனா, கற்பைச் சூறையாட வந்தவனா என்பதில் ஒரு ஆத்துமத்தின் கதி அடங்கியிருக்கிறது.

அரசாங்கமும் இதை உணர்ந்திருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கு 18 வயது முதல் 21 வயது வரை பிற்காப்பு அளிக்க வகை செய்கிறது. விசேஷ காரணம் இருந்தால் 23 வயது வரை நீட்டலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, ஆலோசனை சொல்ல ஆள் ஆகியவற்றை 2016-ம் ஆண்டு மாதிரி விதிகள் குறிப்பிடுகின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். ஆனால் பணம் தருகிற சட்டம் பக்கத்து வீட்டு அக்காளாக முடியாது. கிறிஸ்துமஸ் இரவில் சாப்பிட அழைக்க முடியாது. அது நம் பங்கு.

3. தொன் போஸ்கோ செய்தது

அர்ச். தொன் போஸ்கோ தூரின் நகரத்தில் 1841-ல் பையன்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவர்கள் கிராமங்களிலிருந்து கொத்து வேலைக்கும் எடுபிடி வேலைக்கும் வந்தவர்கள். அவர் ஜெபம் சொல்லிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 1851, 1852-ம் ஆண்டுகளில் தொழில் பழகும் பையன்களுக்காக முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். குறித்த காலத்துக்குள் தொழிலை முழுதும் கற்றுத்தர வேண்டும், சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு விட வேண்டும், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது என்பவை அதன் ஷரத்துக்கள். 1850-ல் அவர் பையன்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் ஏற்படுத்தினார். ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு சிறு காசு. வேலை இழந்தவனுக்கும் நோயாளிக்கும் அதிலிருந்து உதவி. 1853-ல் சொந்தத் தொழிற்கூடங்களைத் தொடங்கினார். அவருடைய சபைக் குருக்கள் 1906-ல் நம் தஞ்சாவூரில்தான் இந்தியாவில் முதலில் வந்து இறங்கினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. நாம் கற்றுக்கொடுக்க வேண்டியவை

பெரிய உபதேசங்கள் வேண்டாம். கீழே கண்டவற்றை ஒவ்வொன்றாய்ப் பழக்கினால் போதும்.

சமையல்: சோறு, பருப்பு, ஒரு குழம்பு, ஒரு ரசம், காய்ச்சலுக்குக் கஞ்சி. ஆண்பிள்ளைக்கும் இது வேண்டும். சமைக்கத் தெரியாதவனின் சம்பளத்தில் பாதி ஓட்டலுக்குப் போய்விடும்.

வரவு செலவு: சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகையில் அவன் பங்கு 2,500. சாப்பாட்டுச் சாமான் 4,000. பஸ்ஸும் தொலைபேசியும் 1,200. சோப்பு, மருந்து, துணி 1,300. ஆக 9,000. மீதி 3,000-ல் 2,000 வங்கிக்குப் போக வேண்டும். 1,000 தர்மத்துக்கும் சிறு சந்தோஷத்துக்கும். இதை நோட்டில் அவன் கையாலேயே எழுதச் செய்யுங்கள்.

பத்திரங்கள்: ஆதார், வாக்காளர் அட்டை, சாதிச் சான்று, படிப்புச் சான்று, வங்கிப் புத்தகம் யாவும் ஒரே உறையில், நகல் வேறிடத்தில். அசல் சான்றிதழை எந்த முதலாளியிடமும் விட்டுவைக்கக் கூடாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; முன்பணத்துக்கு ரசீது வேண்டும். சம்பளச் சீட்டில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று பிடித்திருந்தால் அந்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

எச்சரிக்கை: வங்கியின் ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. தெரியாதவன் கடனுக்குக் கையெழுத்துப் போடலாகாது. தொலைபேசியில் நொடியில் கிடைக்கும் கடன், நொடியில் மானத்தை வாங்கும்.

ஞாயிறு: பூசைக்குப் பின் ஒரு வீட்டில் ஒரு வாய்ச் சாப்பாடு. எல்லாவற்றிலும் எளிதானது இதுவே. தனிமைக்கு மருந்தும் இதுவே.

5. ஆட்சேபணைகளும் பதிலும்

“அந்நியப் பிள்ளையை நம்பலாமா? திருடிவிட்டால்?” நியாயமான கேள்வி. தொன் போஸ்கோவுக்கும் அது நேர்ந்தது. அவர் வைக்கோல் பரணில் படுக்க இடம் கொடுத்த சிலர் விடியுமுன் போர்வைகளோடு ஓடிவிட்டார்கள். ஆயினும் 1847-ல் மழையில் நனைந்து வந்த ஒரு அனாதைப் பையனை அவரும் அவருடைய தாயார் மார்கரீத்தம்மாளும் உள்ளே ஏற்றார்கள். அடுப்பருகே உலர்த்தி, உணவு கொடுத்து, சமையலறையில் செங்கலும் பலகையும் வைத்துப் படுக்கை போட்டார்கள். படுக்குமுன் அந்தத் தாய் உழைப்பையும் உண்மையையும் பற்றி அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொன்னாள். பிறகு பாத்திரங்கள் காணாமற்போகாதபடி அறையைப் பூட்டினார்கள்! இரக்கமும் விவேகமும் ஒரே இரவில், ஒரே வீட்டில் இருந்ததைப் பாருங்கள். தர்மத்துக்காகப் புத்தியைக் கழற்றிவைக்க வேண்டியதில்லை. புத்தியைச் சாக்காக்கித் தர்மத்தை விடவும் கூடாது.

நமக்கும் அதே விவேகம் வேண்டும். துணை நிற்பவர்கள் தனியாய்ப் போகாமல் இருவராய்ப் போக வேண்டும். பெண்பிள்ளைக்குப் பெண்களே துணை. கைமாற்றுப் பணம் அன்பியத்துக்குத் தெரிந்தே கொடுக்கப்பட வேண்டும். அந்தப் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுத்து, உதவி பெற்றவன் என்று காட்டக் கூடாது. ஏழைக்கும் மானம் உண்டு.

“அவன் நம் வேதத்தைச் சேர்ந்தவன் அல்லவே?” அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் அவனிடம் வேதம் விசாரிக்கவில்லை. சோற்றைக் காட்டி மனச்சாட்சியை வாங்க நமக்கு உரிமையும் இல்லை.

“எங்களுக்கே வசதி இல்லையே?” வசதி கேட்கவில்லை. தச்சருக்குத் தொழில் இருக்கிறது. தையற்காரிக்கு மெஷின் இருக்கிறது. ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியும். பாட்டிக்கு ரசம் வைக்கத் தெரியும். அர்ச். சூசையப்பர் ஏழைத் தச்சராகவே உலகாண்டவருக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

6. இவ்வாரத் தீர்மானம்

ஒவ்வொரு அன்பியமும் கூடி, நம் எல்லைக்குள் தனியாய்த் தங்கி வேலை செய்யும் வாலிபர், இளம்பெண்கள் யார் யார் என்று விசாரிக்கட்டும். ஒருவருக்கு இரண்டு குடும்பம் வீதம் துணையாய் ஒப்புக்கொள்ளட்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் அறை முன்பணத்துக்கென ஒரு சிறு நிதி தொடங்கலாம். அந்தச் சபையை 1833-ல் பாரீசில் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாமுக்கு வயது இருபதுதான்.

வீட்டில் கலந்து பேசக் கேள்விகள்:

நம் பிள்ளை ஒரு வாரம் தனியாய் இருந்தால் என்னென்ன தெரியாமல் தவிப்பான்?

நமக்குத் தெரிந்த தொழிலில் எதை இன்னொருவர் பிள்ளைக்கு இலவசமாய்ப் பழக்கலாம்?

வருகிற ஞாயிறு நம் பந்தியில் ஒரு இலை அதிகமாய்ப் போட்டால், அதில் உட்கார யாரை அழைப்போம்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயரோடு பதில் வரட்டும். திருக்குடும்பத்தின் தலைவராகிய அர்ச். சூசையப்பர், துணையற்ற பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்குக் கதவு திறக்கும் உங்கள் குடும்பங்களுக்காகவும் சர்வேசுரனை மன்றாடுவாராக.

உங்கள் பங்குச் சுவாமி