உன் ஒப்பந்தத்தை நீயே உடைத்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

"பிளாக்செயினில் பதிந்ததை யாராலும் மாற்ற முடியாதே, பிறகு பாதுகாப்பு என்று தனியாக எதைப் படிப்பது?" என்று போன வகுப்பில் கேட்டாய். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேடைக்கு மேடை இதையே சொல்லிப் பிள்ளைகளை நம்பவைக்கிறார்கள். கேட்டால் எரிச்சல் வருகிறது. மாற்ற முடியாது என்பதுதான் ஆபத்தே. நீ எழுதிய பிழையும் அதே உறுதியோடு சங்கிலியில் ஏறிவிடும்.

2016இல் எத்தீரியத்தில் தொடங்கிய 'தி டாவ்' நிதியத்தை எடுத்துக்கொள். ஏறக்குறைய 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் அதில் சேர்ந்தது. ஜூன் 17 அன்று 36 லட்சம் ஈத்தர் உருவப்பட்டது. சங்கிலியை யாரும் தொடவில்லை. சாவியும் திருட்டுப் போகவில்லை. வெளியே பணம் அனுப்பும் அழைப்பு முன்னால் இருந்தது, இருப்பைப் பூஜ்ஜியமாக்கும் வரி பின்னால் இருந்தது. அவ்வளவே. கணக்கில் கழிக்கும் முன்பே பணத்தை நீட்டும் காசாளரிடம், அவர் பேனாவை எடுப்பதற்குள் மறுபடி மறுபடி கை நீட்டினால் என்ன ஆகும்? ரீஎன்ட்ரன்சி என்பது அதுதான்.

இதில் நீ கவனிக்க வேண்டியது வேறொன்று. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூன் 12 அன்றே, இந்த வகைப் பிழை பற்றி வெளிப்படையாகப் பேச்சு எழுந்து, நிதிக்கு ஆபத்தில்லை என்று டாவை உருவாக்கியவர்கள் தரப்பில் அறிவித்துவிட்டார்கள். பிழையின் பெயர் தெரிந்திருந்தது. தங்கள் குறியீட்டில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஜூலை 20 அன்று எத்தீரியமே ஹார்ட் ஃபோர்க் செய்து, அதாவது சங்கிலியின் விதியையே மாற்றி, பணத்தை மீட்டது. அதை ஏற்காதவர்களின் சங்கிலி எத்தீரியம் கிளாசிக் ஆயிற்று.

பெயரைப் படித்துவிட்டால் பாடம் முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒப்பந்தங்களை எழுதிச் சோதிக்க உதவும் ஃபவுண்ட்ரி தொகுப்பில் உள்ள அன்வில் கருவியை ஓட்டினால் உன் கணினியிலேயே ஒரு சங்கிலி எழும். தலா 10,000 சோதனை ஈத்தரோடு பத்து கணக்குகள் கிடைக்கும். பிழையுள்ள வங்கி ஒன்றை ஸ்மார்ட் ஒப்பந்தமாக, அதாவது சங்கிலியில் ஓடும் நிரலாக, எழுதி, அதைத் தாக்கும் ஒப்பந்தத்தையும் நீயே எழுது. முதல் முறை அனேகமாகத் தோற்பாய். இருப்பைப் பூஜ்ஜியமாக்காமல் தொகையைக் கழிக்கும்படி எழுதியிருந்தால், ஒப்பந்தம் எழுதும் சாலிடிட்டி மொழியில் 0.8 பதிப்பு முதல் கழித்தல் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. முழுப் பரிவர்த்தனையும் ரத்தாகும். வங்கி காலியான பிறகும் உன் தாக்குதல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவது தவறி, அப்போதும் எல்லாம் ரத்தாகலாம். ஏன் தோற்றது என்று தேடும்போதுதான் ஒவ்வொரு வரியின் இடமும் மனதில் பதியும். எந்தப் புத்தகமும் அதைத் தராது.

இன்னொன்று. 'பிரைவேட்' என்று அறிவித்த மாறியில் கடவுச்சொல்லை வைக்கும் மாணவர்கள் எத்தனை பேர்! ஓப்பன்செப்பலினின் எதர்நாட் விளையாட்டில் 'வால்ட்' என்ற கட்டம் இதற்காகவே இருக்கிறது. ஸ்டோரேஜ் இடத்தை நேரே படித்தால் கடவுச்சொல் கைக்கு வந்துவிடும். 1883இல் கெர்க்காஃப்ஸ் இராணுவ மறைகுறியீடு பற்றி எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. அமைப்பு முழுதும் எதிரி கையில் சிக்கினாலும் கெடுதல் வரக்கூடாது, சாவி மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. ஸ்மார்ட் ஒப்பந்தத்தில் அமைப்பு முதல் நாளிலிருந்தே எல்லார் கையிலும் இருக்கிறது. அதனால் அந்தக் கட்டுரையை நீ அவசியம் படிக்க வேண்டும்.

சாவியும் தப்பாது. 2022இல் சங்கிலிகளுக்கிடையே பணம் கடத்தும் ரோனின் பாலத்தில் ஒன்பது சாவிகளில் ஐந்து போனதால் 1,73,600 ஈத்தர் போயிற்று. அது தனிப் பாடம், பிறகு எழுதுகிறேன்.

ஒரு கண்டிப்பு: பயிற்சியெல்லாம் உன் கணினியிலும் பயிற்சிக்கென்றே வைத்த ஒப்பந்தங்களிலும் மட்டும். பிறர் பணம் இருக்கும் ஒப்பந்தத்தில் கை வைப்பது குற்றம். 'சும்மா பார்த்தேன்' என்ற சமாதானம் செல்லாது. ஸ்லிதர் போன்ற பிழை தேடும் கருவியை ஓட்டி, அது கக்கியதை அப்படியே ஒட்டி அறிக்கை என்று நீட்டுவதும் வேண்டாம். கருவி காட்டும் ஒவ்வொரு எச்சரிக்கையும் எதனால் வருகிறது என்று உன் வாயால் விளக்கத் தெரிய வேண்டும்.

இந்த வாரம் அந்த வங்கியை உடை. பிறகு வரிசையை மாற்றித் திருத்து. அதே தாக்குதல் இப்போது தோற்கிறது என்று நிரூபிக்கும் டெஸ்ட்டை எழுது. சான்றிதழ் எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம். அந்த டெஸ்ட் கோப்பை அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்