பங்குனி ஆமைகளுக்கு ஒரு காவல்

சென்ற கோடை விடுமுறைக்குச் சென்னை பெசன்ட் நகரில் உள்ள என் அத்தை வீட்டிற்குச் சென்றிருந்தேன். அங்கு ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர்களுடன் சில இரவுகள் கடற்கரையில் நடந்தேன். வகுப்பில் இதைச் சொன்னபோது, "ஆமை தானே முட்டையிட்டுத் தானே மூடிவிட்டுப் போகிறது. இடையில் உங்களுக்கு என்ன வேலை?" என்று சிஸ்டர் கேட்டார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

சென்னைக் கரைக்கு வரும் கடலாமைகளில் மிகுதியானது பங்குனி ஆமை. சனவரி முதல் ஏப்ரல் வரை இரவு வேளையில் கரையேறும். பின் துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் குடம் போன்ற குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இடும். மணலால் மூடியபின் உடலை இருபுறமும் ஆட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தும். அப்போது கண்களில் நீர் வழியுமாம். அது அழுகையன்று, உடலில் மிகுந்துள்ள உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. நான் சென்றது பருவத்தின் கடைசி. தாய் ஆமையைக் காண எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தாய் சென்றபின் முட்டைகளுக்குக் காவல் இல்லை. நாய்கள் தோண்டித் தின்கின்றன, மனிதரும் திருடியதுண்டு. எனவே சென்னையில் 1970களிலேயே ஆர்வலர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்களின் அமைப்பு ஒன்று அப்பணியைச் செய்துவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடை. துடுப்புத் தடத்தைக் கண்டதும் கூட்டைத் தேடி, முட்டைகளை எடுத்து, காவலுள்ள பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைக்கிறார்கள். சில மணி நேரத்திற்குள் வைத்துவிட வேண்டும். பிறகு கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டையைப் புரட்டினால் இறந்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண். (தோழியரே, பெருமைப்பட வேண்டாம். எல்லாமே பெண்ணானால் ஆமையினம் என்னாகும்?) 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவை காக்கப்பட்ட உயிரினங்கள், அனுமதி பெற்றவர்களோடு சேர்ந்தன்றி நாமாக முட்டையைத் தொடக்கூடாது.

ஏறத்தாழ ஐம்பது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். வந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். மின்விளக்கு இல்லாத காலத்தில் இரவில் வெளிச்சமான இடம் கடலின் அடிவானம்தான். அதனால் வழி தவறவில்லை. இன்றோ சாலை விளக்குகளை நோக்கி ஓடி, சக்கரங்களிலும் நாய்களின் வாயிலும் மாள்கின்றன. பொரிப்பகத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அன்றிரவு குஞ்சுகளை நீரருகே விட்டதும், ஆசை மிகுந்து, கைப்பேசி விளக்கைப் போட்டுப் படம் எடுக்க முயன்றேன். கடலை நோக்கிச் சென்ற குஞ்சுகள் அப்படியே திரும்பி என் பாதங்களை நோக்கி வந்தன. "விளக்கை அணை! காலை எடுக்காதே!" என்று ஓர் அக்கா கூவினார். காலடியில் எத்தனை குஞ்சுகள் என்று இருட்டில் தெரியவில்லை. அவர்கள் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுக்கும்வரை சிலையாக நின்றேன். ஒன்றும் மிதிபடவில்லை. இருந்தும் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குஞ்சுகளைக் காத்தால் மட்டும் போதுமா என்று அத்தை கேட்டார். போதாது. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூழ்கி இறக்கும். 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் இறந்து ஒதுங்கின. ஆமை தப்பிச் செல்ல வழியுள்ள வலைகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் மீனும் கொஞ்சம் தப்பும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். பிழைப்பைப் பற்றிய அச்சம் அது. அவர்களைக் குறை சொல்லிவிட்டு மீன் குழம்பு சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் குழியைத் தோண்டி ஓடுகளை எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நாற்றம் தாங்கவில்லை. 112 முட்டைகளில் 96 பொரிந்திருந்தன. குறிப்பேட்டில் நானே எழுதி, தேதியிட்டேன்.