விரால் பார்க்கும் வட்டம்

"அண்ணே, உங்க வெள்ளைச் சட்டையைப் பார்த்தே மீனெல்லாம் ஆந்திராவுக்கு ஓடிப்போச்சு!" ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஏரிக்கரைகளில் தூண்டில் போடுவோரிடையே இத்தகைய கேலி சாதாரணம். ஆனால் மாணவர்களே, இக்கேலியில் இயற்பியல் இருக்கிறது!

நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33, மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 பாகை. ஆகவே விரால் மேல்நோக்கிப் பார்க்கையில், வெளியுலகம் அடிவானம்வரை ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். 2 அடி ஆழத்திலுள்ள மீனுக்கு அவ்வட்டத்தின் விட்டம் 4½ அடி. அதற்கு வெளியே முழு அக எதிரொளிப்பு. ஏரியின் அடிநிலமே கண்ணாடியில் காண்பதுபோல் தெரியும்.

கரையில் நிற்பவரின் தலை கிடைமட்டத்துக்கு மேல் 30 பாகையில் இருந்தால், மீனின் கண்ணுக்கு அவர் உயரம் சுமார் 8 பாகைதான். அவரே குந்தி உட்கார்ந்து 15 பாகையானால்? 4 அன்று, 2 பாகைக்குச் சற்று மேல்! அனுபவசாலிகள் குந்தியே தூண்டில் போடுவதன் காரணம் புரிகிறதல்லவா?

நம் கண்ணும் ஏமாறுகிறது. நேர்மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடியாகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. தூண்டில்முள் கோரையில் சிக்கியதென்று, இடுப்பளவு நீர்தானே என இறங்குபவருக்குக் கழுத்தளவு நீர் காத்திருக்கும். முள் போனால் போகட்டும், சில காசுதான்!

தெளிந்த நீருள்ள தொட்டியில் ஒரு மூங்கில் கழியை நேராக ஊன்றி, மேலிருந்து பார்த்து ஆழத்தை மதிப்பிடுங்கள். பிறகு கழியை எடுத்து நனைந்த பகுதியை அளந்து, 3-க்கு 4 என்ற விகிதம் வருகிறதா என்று பாருங்கள்.